விலகியவர் கணக்கு எங்கே?

சென்னையிலும் கோவையிலும் மென்பொருள் சந்தா நிறுவனம் தொடங்குவோரிடம் வளர்ச்சி பற்றிக் கேட்டால், புதிதாகச் சேர்ந்த வாடிக்கையாளர் எண்ணிக்கை உடனே வரும். விலகியவர் எத்தனை பேர் என்றால் பேச்சு வேறு பக்கம் போகும். இத்தொழிலில் ஆகப் பெரிய தவறு இந்த மறதிதான்.

மாதம் நூற்றுக்கு ஐந்து பேர் நிறுத்துவது சின்ன இழப்பாகவே தெரியும். ஆனால் அந்த வேகத்தில் போனால், இன்றிருக்கும் 100 பேரில் ஓராண்டு கழித்து மிஞ்சுவோர் 54 பேர்தான். போன 46 பேரின் இடத்தை நிரப்பவே விளம்பரப் பணம் கரைந்துவிடும். வளர்ச்சி எங்கிருந்து வரும்?

2010இல் வாடிக்கையாளர் உதவி மென்பொருள் விற்கும் ஜென்டெஸ்க் நிறுவனம் விலையை ஏற்றியபோது அதன் வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். அந்தக் கோபத்தைக் கவனித்த கிரீஷ் மாத்ருபூதம் அதற்குப் போட்டியாகச் சென்னையில் ஃப்ரெஷ்டெஸ்க்கைத் தொடங்கினார். 2021இல் அது ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரில் நாஸ்டாக்கில் பட்டியலிடப்பட்டது. ஏற்கெனவே பணம் கட்டிக்கொண்டிருந்தவர்களின் குறையிலிருந்து பிறந்த தொழில் அது. நம்மவர் பலரோ ஓராண்டு கதவைச் சாத்திக்கொண்டு மென்பொருளை எழுதி முடித்துவிட்டு, அப்புறம் அது யாருக்குத் தேவை என்று தேடுகிறார்கள். ஆள் கிடைக்காதபோது, ஒருமுறை கட்டினால் ஆயுள் முழுக்க இலவசம் என்ற அறிவிப்பு வருகிறது. சர்வர் வாடகையும் உதவிப் பிரிவின் சம்பளமும் மட்டும் மாதாமாதம் வந்து நிற்கும்.

வசூலும் லேசான வேலை அல்ல. அதை மட்டுமே தொழிலாக்கி 2011இல் சென்னையில் பிறந்தது சார்ஜ்பீ நிறுவனம். தானாகப் பிடிக்கப்படும் தொகைக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2021 அக்டோபரில் முழுமையாக நடப்புக்கு வந்தபோது, பலரின் சந்தா பாதியில் நின்றது. கார்டு காலாவதியாகி நின்றுபோனவரையும் பிடிக்காமல் போனவரையும் ஒரே கணக்கில் சேர்ப்பவருக்கு நோய் எது என்றே தெரியாது.

விலகும் பொத்தானை ஒளித்து வைப்பது இன்னொரு தந்திரம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் வழிகாட்டுதலில் ‘சந்தா பொறி’யைத் தடைசெய்தது சரியான முடிவு. வாடிக்கையாளர் கிளம்பும்போது சொல்லும் காரணம், காசு கொடுத்தாலும் கிடைக்காத ஆலோசனை. அந்த வாசலையே அடைப்பது நேர்மைக்கேடு மட்டுமல்ல, முட்டாள்தனமும்கூட.

இதில் முதலீட்டாளர்களுக்கும் அரசின் புத்தொழில் அமைப்புகளுக்கும் பங்கு உண்டு. சேர்ந்தவர் எண்ணிக்கையைப் பார்த்துக் கைதட்டிப் பழக்கியது அவர்கள்தாம். மானியமோ முதலீடோ கேட்டு வரும் சந்தா நிறுவனங்களின் விண்ணப்பத்தில், ஆறு மாதத்துக்கு முன் சேர்ந்தவர்களில் இன்றும் பணம் கட்டுவோர் எத்தனை பேர் என்ற கேள்வியை அவர்கள் முதல் கேள்வியாகவே வைக்க வேண்டும்.