மக்கோத்தோவின் பழைய சீருடை

ஈப்போ புந்தோங்கில் தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கை, பஞ்சாபி உடுப்பு, பள்ளிச் சீருடை, தைப்பூசம் வந்தால் மஞ்சள் வேட்டிக்கு ஓரம் அடிப்பது. இதுதான் என் பிழைப்பு. போன நவம்பரில் அண்ணன் மகள் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, "அத்தை, இதைத் தைச்சுத் தருவீங்களா?" என்று கேட்டாள். வெள்ளை மேல்சட்டை, பச்சைக் கழுத்துப்பட்டை, நெஞ்சில் இளஞ்சிவப்பு முடிச்சு, பச்சையில் மடிப்புப் பாவாடை. டிசம்பரில் கோலாலம்பூரில் நடக்கும் காமிக் ஃபியெஸ்டா ரசிகர் விழாவுக்கு அணிந்து போக வேண்டுமாம்.

"சைலர் ஜூபிட்டர்" என்றேன். அவளால் நம்ப முடியவில்லை. தன் வயதுப் பிள்ளைகளின் சங்கதி இது என்று நினைத்திருந்தாள்.

நான் துணி வெட்டிக்கொண்டிருந்தபோது, தைத்த ரவிக்கையை வாங்க வந்த ஓர் அக்கா படத்தை எட்டிப் பார்த்தார். "வயசுப் பிள்ளைக்கு இது என்ன உடுப்பு? ஜப்பான் பொம்மைப் படத்தைப் பார்த்துத்தான் நம்ம பிள்ளைங்க கெட்டுப்போகுது" என்றார். ரவிக்கையைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் இத்தனை மாதமாக எனக்குள்ளேயே இருக்கிறது.

நான் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அம்மா பால் வெட்டினார். 1995-இல் ஆரம்பப்பள்ளி முடிவில் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு எழுதினேன். மலாய் மொழியில் புள்ளி போதவில்லை. மறு ஆண்டு, நேராகப் படிவம் ஒன்றுக்குப் போன பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே புகுமுக வகுப்பில் உட்கார்ந்தேன். என் நீல பினாஃபோர் பெரியம்மா மகள் போட்டுக் கழித்தது. தோளில் நிற்காது. அம்மா இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக் கொடுத்தார். அந்தத் தையல் வெளியே தெரிந்தது. வகுப்பில் வாய் திறந்தால் என் மலாயைக் கேட்டுச் சிரித்தார்கள். அதனால் வாயைத் திறக்காமல் இருக்கப் பழகினேன்.

அந்த நாட்களில்தான் தொலைக்காட்சியில் 'சைலர் மூன்' பார்த்தேன். மலாய் பேசிய சைலர் மூன். கதாநாயகி உசாகிக்கு வயது 14. தேர்வில் மோசமான புள்ளி வாங்குவாள், பள்ளிக்குத் தாமதமாக ஓடுவாள், எதற்கெடுத்தாலும் அழுவாள். உலகத்தைக் காப்பாற்றும் பொறுப்பை ஒரு பூனை வந்து அவளிடம் கொடுக்கிறது. எங்கள் வீட்டில் அழுதால் உதை விழும். அழுதுகொண்டே சண்டைக்குப் போகும் ஒரு பெண்ணை நான் அதுவரை எந்தக் கதையிலும் கண்டதில்லை. வகுப்பில் வராத மலாய் அவள் வாய் வழியாக எனக்கு வந்தது. 'ஜாங்கான் தாக்குட்', பயப்படாதே என்ற சொல்லை ஒருவர் இன்னொருவரைப் பார்த்து உண்மையாகச் சொல்லக் கேட்டது அங்கேதான்.

ஆனால் எனக்கு உயிர் மக்கோத்தோ. அவள்தான் சைலர் ஜூபிட்டர். தாய் தகப்பன் விமான விபத்தில் போய்விட்டார்கள். தனியாக இருந்து தானே சமைத்துச் சாப்பிடுகிறாள். நெடுநெடுவென்று உயரம். வேறு பள்ளியிலிருந்து மாறி வரும்போது, புதிய பள்ளியில் அவள் அளவுக்குச் சீருடை இல்லை என்று பழைய பள்ளியின் நீளப் பாவாடையிலேயே வருகிறாள். எல்லாரும் ஒதுங்கிப் போகிறார்கள். உசாகி மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்கிறாள், மக்கோத்தோ கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டின் மேல் ஆசைப்பட்டு. பொருந்தாத சீருடையில் ஒருத்தி, அவள் பக்கத்தில் இன்னொருத்தி. நான் தையல் பழகியதற்கு அந்தப் பாவாடையும் ஒரு காரணம் என்று இன்றும் நம்புகிறேன்.

இந்தக் கதையை எழுதி வரைந்தவர் நவோக்கோ தக்கேயுச்சி என்ற பெண், மருந்தாளுநர் படிப்பு முடித்தவர். 'நக்காயோஷி' என்ற சிறுமியர் இதழில் 1991-இன் கடைசியில் தொடங்கி 1997 வரை தொடராக வந்தது. தோயே நிறுவனம் 1992 மார்ச்சில் தொலைக்காட்சித் தொடராக்கியது. ஐந்து பருவம், 200 பாகம். பிறகு மேடை இசைநாடகம், 2003-இல் நடிகர்களை வைத்து எடுத்த தொடர், 2014-இல் மறுபடியும் புதிய தொடர், 2023-இல் திரைப்படம் என்று முப்பது ஆண்டு தாண்டியும் நிற்கவில்லை. ஜப்பானில் மந்திரச் சிறுமிக் கதைகளுக்கு இதைவிட நீண்ட வரலாறு உண்டு. 1966-இலேயே 'சாலி' என்ற சூனியக்காரச் சிறுமி தொலைக்காட்சிக்கு வந்துவிட்டாள். தக்கேயுச்சி செய்த புதுமை, மந்திரத்தை ஒருத்தியிடம் விடாமல் ஐந்து தோழிகளுக்குப் பங்கு வைத்தது.

மந்திரக்கோலும் பதக்கமும் விற்பதற்காகவும்தான் இந்தத் தொடர்கள் வந்தன, மறுக்கவில்லை. உருமாறும் காட்சிகளில் பெண் பிள்ளைகளின் உடலைக் காட்டும் விதம் சில இடங்களில் எனக்கும் பிடிக்காது. 2011-இல் வந்த 'மடோக்கா மஜிகா' என்ற மந்திரச் சிறுமித் தொடரைச் சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டவே கூடாது. அது பெரியவர்களையே உலுக்கும். தாய் தகப்பன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, எது வேண்டும் எது வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அந்த அக்கா சொன்னதில் இவ்வளவை ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் பாட்டியின் தம்பியை 1943-இல் ஜப்பானியர் சயாம் ரயில் பாதை போடக் கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் நடுவே 415 கிலோமீட்டர் பாதை. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஆயிரமாயிரமாய் அங்கே காலராவிலும் பட்டினியிலும் செத்தார்கள். பேர் எழுதிய கல்லறைகூட அவர்களில் பெரும்பாலோருக்கு இல்லை. பாட்டி 'ஜப்பான்காரன்' என்ற சொல்லையே வாயில் எடுக்க மாட்டார். 'அந்தக் காலம்' என்பதோடு நிறுத்திக்கொள்வார். சைலர் மூன் ஓடும்போது பாயில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டே அவரும் பார்ப்பார். "இந்த அழுமூஞ்சிப் பிள்ளை எந்த ஊரு?" என்று ஒரு நாள் கேட்டார். மலாய் பேசுகிறாளே, மலாய்க்காரப் பிள்ளைதான் என்றேன். அது பொய் என்று எனக்குத் தெரியும். பாட்டி போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிவிட்டது. உண்மையைச் சொல்லியிருந்தால் தொலைக்காட்சியை அணைத்திருப்பாரா, அந்தப் பிள்ளைக்காக விட்டுவைத்திருப்பாரா என்று இப்போதும் யோசிப்பேன்.

எங்கள் தோட்டத்தில் இன்று பால்மரம் இல்லை. செம்பனை வந்தது. லயத்து வீடுகள் போயின. சனம் சுங்கை சிப்புட்டுக்கும் ஈப்போவுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் சிதறியது. ஆயாக் கொட்டகையில் ஒன்றாக வளர்ந்த ஐந்து பேரில் எனக்கு இப்போது இருவரோடுதான் பேச்சு. அந்தச் சிதறலுக்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்குத் தோழிக் கூட்டம் லயத்து வாசலில் தானாக அமைவதில்லை. அண்ணன் மகளும் அவள் தோழிகளும் இந்தக் கதைகளைச் சுற்றித்தான் ஒருவரையொருவர் கண்டுபிடித்தார்கள். ஒருத்தி தெலுக் இந்தான், ஒருத்தி பீடோர். மலாயிலும் ஆங்கிலத்திலும் பேசிக்கொள்கிறார்கள்.

எனக்கு வலிப்பது அங்கேதான். தமிழ்நாட்டுச் சிறுவர் தொலைக்காட்சியில் டோரேமோன் தமிழ் பேசுகிறது, ஷின்சான் தமிழ் பேசுகிறான். டோரேமோன் கதையின் நொபித்தாவும் ஷின்சானும் பையன்கள். உசாகியை, மக்கோத்தோவை, சீட்டுக்குள் மந்திரத்தைப் பிடித்து அடைக்கும் சகுராவைத் தமிழ் பேச வைக்க வேண்டும். நம் தமிழ்த் தொலைக்காட்சி ஆயிரம் பாகம் ஓடும் மாமியார் மருமகள் தொடருக்கு மாலை முழுவதையும் கொடுக்கிறது. சைலர் மூனின் 200 பாகத்தையும் சேர்த்தால் எண்பது மணி நேரம்கூட வராது. அதைத் தமிழில் கொடுங்கள். சென்னைத் தமிழில் வேண்டாம். ஈப்போ பிள்ளை பேசும் தமிழில் குரல் கொடுக்க நம் பெண்களிலேயே ஆள் இருக்கிறார்கள். காமிக்ஸ் புத்தகங்களைத் தமிழாக்கித் தமிழ்ப்பள்ளி நூலகங்களில் வையுங்கள். பன்னிரண்டு வயது வரை தமிழில் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போகிற பெண் பிள்ளைக்கு, அடுத்த மூன்று நான்கு வருடம் அவளைப் பற்றித் தமிழில் பேசுகிற கதை எது? நீதிக்கதையை முடித்துவிட்டாள். சீரியல் அவளுக்கு ஆகாது. அந்த இடத்தில் தமிழ் அவளுக்கு எதையும் கொடுக்கவில்லை.

பச்சைப் பாவாடையைப் படத்தில் இருந்ததைவிட மூன்று அங்குலம் நீளமாகத் தைத்தேன். உள்ளே அதே நிறத்தில் அரைக்கால் சட்டை. இரண்டும் அண்ணன் மகள் கேட்டதுதான். இடுப்பளவு எடுக்கும்போது மக்கோத்தோவின் பழைய சீருடைக் கதையை அவளுக்குச் சொன்னேன். மலாயில் கேட்ட கதையைத் தமிழில் சொன்னது அதுதான் முதல் தடவை. பாதியில் நிறுத்தி, "அத்தை, அந்த நீளப் பாவாடையும் ஒண்ணு தைக்கலாமா?" என்றாள். பழுப்புத் துணி இரண்டு மீட்டர் வாங்கி வைத்திருக்கிறேன். வளர்கிற பிள்ளை, கீழ் மடிப்பில் நான்கு விரல் துணி விட்டுத்தான் அடிக்கப்போகிறேன்.