பெட்டி வாங்குமுன் கணக்குப் போடுங்கள்

மடிக்கணினியில் பாட்டுக் கேட்கும் உங்களில் பலர் இப்போது ஒரு கேள்வி கேட்கிறீர்கள். "வெளியே இணைக்கும் 'டாக்' ஒன்று வாங்கினால் பாட்டு இன்னும் தெளிவாகக் கேட்குமாமே, வாங்கலாமா?" என்பதே அது. அதன் விலை சில நூறு ரூபாயில் தொடங்கிப் பல்லாயிரம் ரூபாய் வரை போகிறது. பணம் பெற்றோருடையது, காது உங்களுடையது. ஆகவே கடைக்காரரின் விடையைவிட இயற்பியலின் விடையே நமக்குத் தேவை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களில் பெரும்பாலோருக்கு அந்தப் பெட்டி தேவையில்லை. தேவைப்படும் சிலர் யார் என்பதைப் பள்ளிக் கணக்கைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம்.

பெட்டிக்குள் இருப்பது என்ன?

கணினியில் பாட்டு எண்களாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. காதுக்கு எண்கள் புரியா. காற்றின் அதிர்வே புரியும். எண்களை ஏறி இறங்கும் மின்னழுத்தமாக மாற்றும் சுற்றே டாக். ஹெட்போனின் கம்பிச்சுருளை அசைக்கப் போதிய மின்னோட்டம் தருவது பெருக்கி. இவை இரண்டும் உங்கள் மடிக்கணினிக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. வெளியே விற்கும் பெட்டியிலும் இவையே உள்ளன. புளூடூத் ஹெட்போன் வைத்திருப்பவர் இத்துடன் கணக்கை முடித்துக்கொள்ளலாம். அதற்குள்ளேயே டாக்கும் பெருக்கியும் அடங்கியிருப்பதால் வெளிப்பெட்டியால் அவருக்குப் பயன் இல்லை.

பெரிய எண்களின் மயக்கம்

'24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ்' என்று அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். எண் பெரிதானால் இசையும் இனிதாகுமா? 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டில் நொடிக்கு 44,100 மாதிரிகள். ஒவ்வொரு மாதிரிக்கும் 16 பிட். ஓர் அலையை முழுமையாகத் திரும்பப் பெற, அதிலுள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப்போல் இரு மடங்குக்கு மேல் மாதிரிகள் எடுத்தால் போதும். 1928இல் நைக்விஸ்டும் 1949இல் ஷானனும் வெளியிட்ட கட்டுரைகளின் பயன் இது. மனிதக் காது கேட்கும் எல்லை ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். அதன் இரு மடங்கு 40,000. ஆகவே 44,100 என்பது போதுமான எண்ணே. 16 பிட் என்றால் 65,536 படிகள். மிகப் பெரிய ஒலிக்கும் மிகச் சிறிய ஒலிக்கும் இடையே 96 டெசிபல் இடைவெளியை இவை தருகின்றன.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2007இல் அமெரிக்காவில் மேயர், மோரன் என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். உயர்தரப் பதிவு எது, அதையே குறுந்தகட்டின் தரத்துக்குக் குறைத்தது எது என்று 554 முறை கேட்கச் செய்தனர். சரியான விடைகள் 276. நாணயத்தைச் சுண்டினாலும் ஏறக்குறைய இதே விடைதான் வரும்! 2016இல் லண்டனில் ராய்ஸ் என்பவர் 18 ஆய்வுகளைச் சேர்த்து ஆராய்ந்தபோது, சரியான விடைகள் 52.3 விழுக்காடு என்று கண்டார். பயிற்சி பெற்றவர்கள் இதனினும் சற்று நன்றாகவே கண்டறிந்தனர். ஆகவே வேறுபாடு அறவே இல்லை என நான் சொல்ல மாட்டேன். பல்லாயிரம் ரூபாய் கொடுக்கும் அளவுக்கு அது பெரிதன்று என்பதே என் வாதம்.

யாருக்குத் தேவை?

ஹெட்போனின் விவரத்தாளில் இரண்டு எண்களைத் தேடுங்கள். ஒன்று மின்எதிர்ப்பு (ஓம் கணக்கில்); மற்றொன்று உணர்திறன். 32 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் என்று இருப்பதாகக் கொள்வோம். மடிக்கணினி 1 வோல்ட் தந்தால் திறன் 1/32 வாட், அதாவது 31 மில்லிவாட். 31 மடங்கு என்பது 15 டெசிபல். ஆக 115 டெசிபல் வரை ஒலிக்கும். இது காதைக் கெடுக்கும் அளவு! இவருக்குத் தனிப் பெருக்கி எதற்கு?

இன்னொன்றைப் பாருங்கள். சென்ஹைசர் எச்.டி. 600 என்ற ஹெட்போனின் மின்எதிர்ப்பு 300 ஓம். 1 வோல்ட்டில் அது தருவது 97 டெசிபல். மெல்லிய சங்கீதத்தின் நடுவே மிருதங்கம் திடீரென முழங்கும் அந்த ஒரு கணத்துக்கு இன்னும் 10 டெசிபல் வேண்டுமென்றால் சுமார் 3.2 வோல்ட் தேவை. 1 வோல்ட் தரும் மடிக்கணினியால் இது இயலாது. இங்கே பெருக்கி வாங்குவது நியாயமே.

மூன்றாவது எண் ஒன்றும் உண்டு. அது பெருக்கியின் வெளியீட்டு மின்எதிர்ப்பு. சில காதுப்பொறிகளின் மின்எதிர்ப்பு ஓர் அதிர்வெண்ணில் 16 ஓம், மற்றோர் அதிர்வெண்ணில் 32 ஓம் என மாறும். வெளியீட்டில் 10 ஓம் இருந்தால் அவற்றுக்குக் கிடைக்கும் மின்னழுத்தப் பங்கு 16/26, 32/42. வேறுபாடு ஏறத்தாழ 1.9 டெசிபல், இது காதுக்குத் தெரியும். வெளியீட்டில் 1 ஓம் மட்டுமே இருந்தால் வேறுபாடு கால் டெசிபல்தான். ஆகவே வாங்குவோர் பிட் எண்ணிக்கையை விட்டு இந்த எண்ணைக் கேளுங்கள். ஹெட்போனின் மின்எதிர்ப்பில் எட்டில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தால் நன்று.

பாட்டு ஓடாதபோதும் 'உஸ்' என்ற இரைச்சல் கேட்கிறதா? முதலில் மின்னேற்றியைக் கழற்றிப் பாருங்கள். அப்படியும் போகாவிட்டாலோ, ஹெட்போன் செருகும் துளையே பழுதாகியிருந்தாலோ வெளிப்பெட்டி உதவும். அதற்கும் எளிய, விலை குறைந்த ஒன்றே போதும்.

கண்ணை மூடிச் சோதியுங்கள்

நண்பரின் பெட்டியைக் கேட்டுவிட்டு "ஆகா, எவ்வளவு வேறுபாடு!" என்று சொல்லுமுன் ஒரு சோதனை செய்யுங்கள. சற்று உரக்க ஒலிப்பதே நன்றாக ஒலிப்பதாக மனம் நினைக்கும். எனவே ஒரே சுரத்தை ஒலிக்கச் செய்து, மல்டிமீட்டரால் இரண்டின் மின்னழுத்தத்தையும் சமமாக்குங்கள். பிறகு எது ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாதபடி ஒருவர் மாற்றி மாற்றி இணைக்கட்டும். நீங்கள் 16 முறை விடை சொல்லுங்கள். 16 நாணயங்களைச் சுண்டினால் வரக்கூடிய விளைவுகளும் 65,536தான். அவற்றில் 12 அல்லது அதற்கு மேல் சரியாக அமைவன 2,517. அதாவது நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. நீங்கள் 12 முறை சரியாகச் சொன்னால் வேறுபாடு உண்மையாக இருக்கலாம். 8 அல்லது 9 என்றால் பணத்தைப் பத்திரப்படுத்துங்கள். அல்லது அதைக் கொண்டு நல்ல ஹெட்போன் வாங்குங்கள். ஒலியின் தன்மையை மிகுதியும் தீர்மானிப்பது ஹெட்போனே.

கடைசியாக ஒன்று. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதாயின், பெரியவர்களுக்கு 80 டெசிபல், சிறுவர்களுக்கு 75 டெசிபல் என்று உலக சுகாதார நிறுவனம் எல்லை வகுத்திருக்கிறது. 10 டெசிபல் கூடினால் ஆற்றல் பத்து மடங்காகும். ஆகவே 90 டெசிபலில் பெரியவர்களுக்கே 4 மணி நேரம்தான். வலிமைமிக்க பெருக்கி இந்த எல்லையை எளிதில் தாண்டிவிடும். பழுதான டாக்கை மாற்றிக்கொள்ளலாம். உட்செவியில் அழிந்த மயிர்ச்செல்கள் மீண்டும் முளைப்பதில்லை. அவற்றை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.