லேசர் பல்லும் ரெண்டு மாச லீவும்

போன மாசம் அம்மா புனேக்கு வந்திருந்தாங்க. கீழ்ப் பல் செட் ஆடுது, மெல்ல முடியலைன்னு ரொம்ப நாளா புலம்பல். இங்கேயே முடிச்சுடலாம்னு பக்கத்துல ஒரு கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனேன். "லேசர் இம்ப்ளான்ட் சார். வலி இல்லை, ரத்தம் இல்லை. ஊருக்குப் போறதுக்குள்ள புதுப் பல்லோட அனுப்பிடலாம்"னாங்க. சர்க்கரை இருக்கான்னு யாரும் கேக்கலை. ஈ.எம்.ஐ. வேணுமான்னு மட்டும் கேட்டாங்க.

அந்தக் கடுப்புலதான் இதை எழுதுறேன்.

இம்ப்ளான்ட்ங்கிறது தாடை எலும்புல இறக்குற டைட்டானியம் திருகு. அதுக்கு ஓட்டை போடறது இன்னைக்கும் பெரும்பாலும் டிரில்தான், சலைன் ஊத்திக்கிட்டே. 47 டிகிரிக்கு மேல ஒரு நிமிஷம் சூடானாலே எலும்பு சாக ஆரம்பிச்சுடும், அதான் காரணம்.

லேசரே வீண்னு சொல்ல வரலை. ஈறுக்குள்ள மூடியிருக்கிற திருகைத் திறக்க, ஆடுற செட் உரசி வளர்ந்த சதையை எடுக்க, டையோடு லேசர் அருமையான கருவி. ரத்தம் கம்மி, பல நேரம் தையலே வேண்டாம். ஆனா தப்பான லேசரைத் திருகு மேலயே அடிச்சா அதோட மேற்பரப்பு உருகிப் பாழாகிடலாம். ஆக, லேசர் ஒரு கத்தி. கத்தி உசத்தின்னா பருப்பு சீக்கிரம் வெந்துடுமா?

1965ல ஸ்வீடன்ல பிரோனமார்க் முதல் நோயாளிக்கு டைட்டானியம் திருகு வச்சார். எலும்பு அதைக் கெட்டியாப் பிடிக்க வழக்கமா மூணுலேர்ந்து ஆறு மாசம். உடனே பல் மாட்டுற முறையும் இருக்கு. ஆனா அதை முடிவு பண்றது எலும்போட உறுதி, லேசர் இல்லை. சர்க்கரை கட்டுப்பாட்டுல இல்லாட்டியும், சிகரெட் பிடிச்சாலும் சிக்கல்தான்.

அப்புறம் ஏன் இந்த யாவாரம் ஓடுது? நம்மளாலதான். பெத்தவங்க வர்றதே வருஷத்துல ரெண்டு மாசம். மிச்சம் பத்து மாசக் குற்ற உணர்ச்சியை அதுக்குள்ள பணமாக் கட்டிடப் பாக்குறோம். அந்த அவசரத்தைத்தான் அவங்க லேசர்னு பேர் வச்சு விக்கிறாங்க. திருகை வச்சு ரயிலேத்தி விட்டுட்டோம், அங்க போய் சீழ் பிடிச்சா? எந்தக் கம்பெனித் திருகு, என்ன சைஸ்னு ஊர் டாக்டருக்கு எப்படித் தெரியும்?

அம்மாவைத் திருநெல்வேலிக்கே அனுப்பிட்டேன். அவங்க டாக்டர் செட்டோட உள்பக்கத்தை ஈறுக்கு ஏத்த மாதிரி திருத்திக் கொடுத்திருக்கார். சர்க்கரை இறங்கட்டும், திருகு பத்தி அப்புறம் பேசலாம்னுட்டார். "இட்லியை நிம்மதியா மென்னேன்டா"ன்னு நேத்து போன்ல சொன்னாங்க.

லேசர்னு யாராவது ஆரம்பிச்சா ஒண்ணே ஒண்ணு கேளுங்க: "எதை வெட்ட?" பதில் வரலைன்னா எழுந்து வந்துடுங்க.