நிலத்தை விற்கும் முன் வீட்டில் கேளுங்கள்

பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் வட்டாரத்தில் இன்று நிலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், என்ன பயிர் வைத்திருக்கிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. சென்ட் என்ன விலை என்றுதான் கேட்கிறார்கள். 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடி டாங்கித் தொழிற்சாலையும் வந்தபோது தொடங்கிய மாற்றம் இது. தொழில் வளர்ந்ததைக் குறை சொல்ல நான் வரவில்லை. நம் வீடுகளில் நிலம் விற்கப்படும் முறையைப் பற்றியே சொல்ல விரும்புகிறேன். அதிலுள்ள தவறை எனக்கு உணர்த்தியது ஓர் ஆப்பிரிக்க விவசாயக் குடும்பம்.

வேளாண்மைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற என் நண்பர் ஒருவர், கென்யாவின் மேற்குப் பகுதிக்குத் தொண்டுப் பணிக்காகச் சென்றிருந்தார். சில ஆண்டுகளுக்கு முன் அவர் அழைப்பின் பேரில் அங்கு சென்று, அவருக்குப் பழக்கமான ஒரு குடும்பத்தாரின் வீட்டில் மூன்று வாரம் தங்கினேன். மண் சுவர், தகரக் கூரை, இரண்டு ஏக்கர் நிலம், ஒரு பசு, சில ஆடு கோழிகள். வீட்டுக்கு மூத்தவர் எழுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி. எல்லோரும் அவரை ‘மாமா’ என்று அழைத்தார்கள். சுவாகிலி மொழியில் அதற்கு அம்மா என்று பொருள்.

காலையில் அவர் எனக்குக் கொடுத்தது கேழ்வரகுக் கூழ். ‘உஜி’ என்பது அங்கு அதன் பெயர். இரவில் மக்காச்சோள மாவுக் களியும் கீரையும். கேழ்வரகின் தாயகமே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலங்கள்தான். மிகப் பழங்காலத்தில் அங்கிருந்து நம் நாட்டுக்கு வந்த தானியம் அது. நாமோ ஆடி மாதத்தில் திருவேற்காடு கருமாரியம்மனுக்குக் கூழ் வார்க்கும்போதுதான் அதை நினைக்கிறோம். அந்த வீட்டின் அடுப்புக்கு மேலே, புகை படும்படி, விதைக்கான கதிர்கள் கட்டித் தொங்கின. புகை பட்டால் வண்டு அண்டாது. அந்தக் கதிர்களில் கை வைக்க மூதாட்டியைத் தவிர வேறு யாருக்கும் உரிமையில்லை.

அப்பகுதி மக்காச்சோளத்துக்குப் பெரும் பகைவர்கள் தண்டுத் துளைப்பானும், வேரில் ஒட்டி உறிஞ்சும் சுடுமல்லிக் களையும். விக்டோரியா ஏரிக்கரையில் உள்ள ம்பிட்டா ஆராய்ச்சி நிலையத்தில், இந்தியரான டாக்டர் ஜியாவுர் கானும் அவருடைய குழுவினரும் 1990-களில் இதற்கு ஒரு வழி கண்டனர். பயிர் வரிசைகளுக்கு நடுவே டெஸ்மோடியம் என்ற பயறு வகைத் தீவனச் செடியையும், வயலைச் சுற்றி நேப்பியர் புல்லையும் வளர்க்க வேண்டும். டெஸ்மோடியத்தின் வாடை அந்துப்பூச்சியை விரட்டும். நேப்பியர் புல் அதைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். டெஸ்மோடியத்தின் வேர் சுடுமல்லியை ஒடுக்கும். இரண்டுமே மாட்டுக்குத் தீவனம்.

இதைப் பரப்புவதே நண்பரின் வேலை. “முதல் வருஷம் ஆண்களைக் கூட்டிப் பேசினேன். எல்லோரும் தலையாட்டினார்கள், ஒருவரும் செய்யவில்லை. களை பிடுங்குவதும் புல் அறுப்பதும் பெண்கள்தானே? அவர்களிடம் பேசிய பிறகுதான் காரியம் நடந்தது” என்றார்.

நான் இருந்தபோதே அரை ஏக்கரை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தார். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்காக மகனுக்கு விற்கும் எண்ணம் இருந்தது. ஆயினும் மறுநாள் குடும்பம் முழுவதும் முற்றத்தில் கூடியது. மூதாட்டியும் மருமகளும் பேசி முடிக்கும் வரை மகன் வாய் திறக்கவில்லை. மூதாட்டியின் கணவர் அடக்கமாகியிருப்பதும் அதே முற்றத்தில்தான். கடைசியில் கால் ஏக்கரை இரண்டு பருவத்துக்குக் குத்தகைக்கு விடுவதென்று முடிவாயிற்று. கட்டணமும் கட்டியாயிற்று, நிலமும் நின்றது.

கென்யாவில் விவசாய நிலம் கைமாற நிலக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். குடும்ப நிலமானால் வாழ்க்கைத் துணையின் சம்மதமும் வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. அங்கும் பத்திரங்கள் பெரும்பாலும் ஆண்கள் பெயரிலேயே உள்ளன. சட்டம் எல்லா இடத்திலும் ஒழுங்காக நடப்பதில்லை. பெண்கள் தொலைவிலிருந்து தண்ணீர் சுமப்பதையும் என் கண்ணால் பார்த்தேன். அது சொர்க்கமன்று. எனினும் அந்த முற்றத்தில் நான் தலை குனிந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

காரணம் இதுதான். 1994-ல் ஏரிப் பாசனத்தில் இருந்த ஒன்றரை ஏக்கரை மனைப் பிரிவுக்கு விற்றேன். என் தாயாரும் மனைவியும் எருச் சுமந்து, நாற்று நட்டு வளர்த்த நிலம். கையெழுத்துப் போட்டு வந்த பிறகே அவர்களிடம் சொன்னேன். தாயார் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பரணிலிருந்த விதைப் பானையை இறக்கி, கேழ்வரகைக் கோழிகளுக்குக் கொட்டிவிட்டார். பணம் வீடு கட்டுவதிலும் கல்யாணச் செலவிலும் ஐந்தே ஆண்டில் கரைந்தது.

தமிழ்நாட்டில் 1989-லேயே பெண் மக்களுக்குக் குடும்பச் சொத்தில் சம பங்கு தரப்பட்டது. அதற்கு முன் மணமானவர்களுக்கு அது பொருந்தவில்லை; 2005-ஆம் ஆண்டு மத்திய சட்டத் திருத்தம் அந்தக் குறையை நீக்கியது. ஆனால் கணவன் பெயரில் தனியாக உள்ள நிலத்தை விற்க மனைவியைக் கேட்க வேண்டும் என்று இங்கு சட்டம் இல்லை. சட்டம் வரும் வரை காத்திருப்பானேன்? முன்பணம் வாங்கும் முன் வீட்டுப் பெண்களை உட்கார வைத்துக் கேளுங்கள். விற்றே தீர வேண்டுமானாலும், வீட்டுத் தானியத்துக்குக் கால் ஏக்கரையாவது ஒதுக்குங்கள். அதற்கு அரை கிலோ கேழ்வரகு விதை போதும்.

எனக்கு மீதி இருப்பது அறுபது சென்ட். சென்ற தையில் தரகர் வந்தபோது, “வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்” என்றேன். மனைவி வேண்டாம் என்றாள். இப்போது அதில் கோ 15 கேழ்வரகு நிற்கிறது.