9 வட்டிக் கடனும் 12 வட்டி வளையலும்

காலையில் வாஷியிலிருந்து சிஎஸ்டி (பேர் மாத்தி வருஷங்களாச்சு, எங்க வாயில் இன்னும் சிஎஸ்டிதான்) போகிற ஹார்பர் லைன் வண்டியில் எங்களுக்கு ஒரு தமிழ் செட் உண்டு. மான்குர்தில் ஒருத்தர், செம்பூரில் ரெண்டு பேர் ஏறுவார்கள். 2016ல் எடுத்த 20 வருஷ வீட்டுக் கடனை நான் 2025ல் முடித்துவிட்டேன் என்று தெரிந்ததிலிருந்து தினமும் இதே பேச்சுதான். "எப்படிங்க முடிச்சீங்க? எங்களுக்கும் சொல்லுங்க."

சொல்கிறேன். ஆனால் வண்டியில் நின்றுகொண்டு பாதிதான் சொல்ல முடியும். அந்தப் பாதி கணக்கு. மீதிப் பாதியைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கம். இங்கே ரெண்டையும் எழுதிவிடுகிறேன்.

முதலில் கணக்கு. வசதிக்காக 30 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 20 வருஷம் என்று வைத்துக்கொள்வோம். மாச இஎம்ஐ 26,992 ரூபாய். முதல் மாசம் நீங்கள் கட்டுவதில் 22,500 வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 4,492 மட்டும். 10 வருஷம் ஒரு மாசம்கூடத் தவறாமல் கட்டினால் மொத்தம் 32 லட்சத்துக்கு மேல் போயிருக்கும். அசல் எவ்வளவு குறைந்திருக்கும்? 9 லட்சம்கூட இல்லை. பாதி வருஷம் தாண்டியாச்சு, பாதிக் கடன் முடிஞ்சாச்சு என்று நினைப்பவர்களுக்கு 21 லட்சத்துக்கு மேல் பாக்கி நிற்கும்.

இதே கடனில் மாசம் 5,000 ரூபாய் கூடுதலாகக் கட்டினால் பதின்மூன்றரை வருஷத்தில் முடிந்துவிடும். வட்டியில் மிச்சம் 12 லட்சத்துக்கு மேல். மாசாமாசம் முடியாது என்றால், வருஷத்துக்கு ஒரே ஒரு இஎம்ஐ கூடுதலாகக் கட்டுங்கள். அதற்கே மூன்றரை வருஷம் குறையும்.

எப்போது கட்டுகிறோம் என்பதும் முக்கியம். முதல் வருஷக் கடைசியில் 1 லட்சம் கட்டினால் கடைசி 19 இஎம்ஐ காணாமல் போகும். அதே 1 லட்சத்தை 15வது வருஷக் கடைசியில் கட்டினால் 6 மாசம்கூடக் குறையாது.

ஒரு காலத்தில் இப்படி முன்கூட்டிக் கட்டுவதற்கே அபராதம் போடுவார்கள். மாறும் வட்டியில் தனிநபர் வீட்டுக் கடன் வாங்கியவர்களிடம் அந்த அபராதத்தை வங்கிகள் வாங்கக்கூடாது என்று 2012 ஜூனில் ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. அதனால் வழி திறந்துதான் இருக்கிறது. இதுவரை எல்லாம் சுபம்.

இப்போது கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

2017 தீபாவளி போனஸ் வந்தது. அதோடு கணக்கில் இருந்ததையும் வழித்துப் போட்டு 2 லட்சம் ஒரே செக்காகக் கடனில் கட்டினேன். பாக்கி குறைந்த ஸ்டேட்மெண்ட்டை மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டு திரிந்தேன். செட்டில் எல்லாரிடமும் காட்டினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரெண்டு வாரம் கழித்து அம்பாசமுத்திரத்தில் அம்மா வழுக்கி விழுந்தார்கள். நான் ஆபீஸ் வேலையாகப் புனேயில் இருந்தேன். ஆஸ்பத்திரியில் சேர்க்க உடனே பணம் வேண்டும் என்று தம்பி வீட்டுக்குப் போன் செய்திருக்கிறான். ராத்திரி தங்கமணி என்னிடம், "அத்தைக்குப் பணம் அனுப்பியாச்சு, நீங்க வேலையை முடிச்சிட்டு வாங்க" என்றாள். சரி என்றேன். எங்கிருந்து அனுப்பினாய் என்று நான் கேட்கவில்லை.

14 மாசம் கழித்து, தை மாசம் மாதுங்காவில் ஒரு கல்யாணம். கிளம்பும்போது அவள் கையில் கண்ணாடி வளையல் மட்டும் இருந்தது. அவள் அம்மா போட்ட ரெண்டு தங்க வளையல் எங்கே என்று கேட்டேன். முதலில் மழுப்பினாள். அப்புறம் சொன்னாள்: "என்னங்க பண்ணச் சொல்றீங்க? அன்னைக்கு அக்கவுண்ட்ல 6,000 ரூபாதான் இருந்துச்சு. லோன் குறையுது குறையுதுன்னு அந்தப் பேப்பரையே பாத்துட்டு இருந்தீங்க. உங்க சந்தோஷத்தை எதுக்குக் கெடுக்கணும்னுதான் சொல்லலை."

60,000 ரூபாய் நகைக் கடன். வருஷத்துக்கு 12 வட்டி. வட்டியை மாசாமாசம் வீட்டுச் செலவுப் பணத்திலிருந்து கட்டி வந்திருக்கிறாள்.

கல்யாணத்தில் சாப்பாடு இறங்கவில்லை. இலை முன்னால் உட்கார்ந்துகொண்டு மனசுக்குள் கணக்குப் போட்டேன். 60,000க்கு 12 வட்டியில் 14 மாசத்துக்கு 8,400. அதே 60,000ஐ 9 வட்டிக் கடனில் கட்டியதில் எனக்கு மிச்சம் 6,300. ஆக, நான் பெருமையாகக் காட்டித் திரிந்த மிச்சத்தில் 2,100 ரூபாய் நஷ்டம். தொகை பெரிசில்லைதான். ஆனால் அந்த 14 மாசமும் நான் "நம்ம வீட்ல பண விஷயம் பக்கா" என்று நம்பிக்கொண்டிருந்தேன் பாருங்கள், அதுதான் உறுத்தியது. 9 வட்டிக் கடனை அடைக்க 12 வட்டிக்குக் கடன் வாங்கிய குடும்பம் எங்களுடையது. அது கடன் வாங்கியவளுக்கு மட்டும் தெரியும்.

வீட்டுக் கடனைச் சீக்கிரம் அடைப்பது நல்லது. இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். ஆனால் அதை ஒருத்தர் மட்டும் போடுகிற கணக்காக நடத்தக்கூடாது. அப்படி நடத்தினால் யாராவது ஒருத்தர் சத்தமில்லாமல் அதற்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பார். மனைவியாக இருக்கலாம், ஊரில் மருந்து வாங்குவதைத் தள்ளிப்போடும் அப்பாவாக இருக்கலாம், டூருக்குப் பேர் கொடுக்காமல் "எனக்கு இஷ்டமில்லை" என்று சொல்லும் பிள்ளையாகவும் இருக்கலாம்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சில விதிகள் போட்டோம்.

1. கையிருப்பு முதலில். ஆறு மாச இஎம்ஐயும் ஆறு மாச வீட்டுச் செலவும் எஃப்டியில், ரெண்டு பேர் பெயரில். அது சேரும்வரை ஒரு ரூபாய்கூட முன்கூட்டிக் கட்டுவதில்லை. இதன் அருமை 2020ல் தெரிந்தது. அந்த மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை இஎம்ஐயைத் தள்ளிப்போடலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்தது. ஆனால் தள்ளிப்போட்ட மாசங்களுக்கும் வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது. சம்பளம் குறைந்த அந்த மாசங்களில் எஃப்டியை உடைத்து இஎம்ஐ கட்டினோம்.

2. அதிக வட்டிக் கடன் முதலில் போகணும். கிரெடிட் கார்டு பாக்கி, நகைக் கடன், பர்சனல் லோன் எது இருந்தாலும் அதை முடித்த பிறகுதான் வீட்டுக் கடனில் கை. அதேபோல் பிஎஃப்பில் கை வைக்கக்கூடாது. 2024-25க்குப் பிஎஃப் வட்டி 8.25 சதவீதம். அதை எடுத்து அதே அளவு வட்டியுள்ள கடனை அடைப்பதில் லாபமில்லை. வயசான காலத்துக்கு இருப்பதும் போய்விடும்.

3. ஊருக்கு அனுப்பும் பணம் இஎம்ஐ மாதிரி. மிச்சமிருந்தால் அனுப்புவது என்ற பேச்சே இல்லை. குர்லாவிலிருந்து ஊர் போய்வரும் டிக்கெட், கல்யாணம் காட்சிக்குச் செய்முறை எல்லாம் வருஷ ஆரம்பத்திலேயே எழுதிவிடுவோம். வெளியூரில் பிழைக்கும் நம்மைப் போன்றவர்களின் பட்ஜெட் ரெண்டு வீட்டு பட்ஜெட். ஒரு வீட்டுக்கு மட்டும் போட்டால் உதைக்கத்தான் செய்யும்.

4. மாசத்தில் ரெண்டாவது ஞாயிறு நோட்டு. ஏபிஎம்சி மார்க்கெட்டில் நாலு தமிழ்க் குடும்பம் சேர்ந்து மூட்டையாக வெங்காயம், உருளைக்கிழங்கு வாங்கிப் பங்கு போட்டுக்கொள்கிற நாள் அது. வந்ததும் காபியோடு நோட்டைத் திறப்போம். பிள்ளையும் உட்காருவான். இந்த மாசம் கடனில் கூடுதலாக எவ்வளவு கட்டலாம் என்பதை மூணு பேரும் சேர்ந்து சொல்லணும். சில மாசம் பதில் "பூஜ்யம்" என்று வரும். வந்தால் வரட்டும்.

5. வட்டி குறைந்தால் இஎம்ஐயைக் குறைக்காதே, ஏறினால் சும்மா இராதே. 2022 மேயில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ, 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனது. பல பேருக்கு இஎம்ஐ மாறவே இல்லை, வருஷம் மட்டும் நீண்டுவிட்டது. 25 லட்சம் பாக்கி, 7 சதவீதம், இன்னும் 15 வருஷம் என்றிருந்த ஒருத்தருக்கு வட்டி 9.5 ஆகி, அதே இஎம்ஐயைத் தொடர்ந்தால் 22 வருஷத்துக்கு மேல் இழுக்கும். இஎம்ஐயைக் கூட்டுவதா, வருஷத்தைக் கூட்டுவதா என்று கடன்காரரைக் கேட்கவேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. நாமும் கேட்கணும். முன்கூட்டிக் கட்டும்போதும் "இஎம்ஐ அப்படியே இருக்கட்டும், வருஷத்தைக் குறையுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள்.

செட்டில் ஒருத்தர் எப்போதும் கேட்பார்: "வரி மிச்சமாகுதே, எதுக்கு அவசரம்?" பழைய வரி முறையில், குடியிருக்கும் வீட்டுக்கு வருஷம் 2 லட்சம் வட்டிவரை கழிவு. 30 சதவீத வரி கட்டுபவருக்கு செஸ்ஸோடு சேர்த்து மிச்சம் 62,400. அதாவது 62,400 மிச்சம் பிடிக்க 2 லட்சம் செலவு. புதிய வரி முறையில் குடியிருக்கும் வீட்டுக்கு அந்தக் கழிவும் கிடையாது.

இன்னொருத்தர், "அந்தப் பணத்தை எஸ்ஐபியில் போட்டா இதைவிட அதிகமா வருமே" என்பார். வரலாம். நீண்ட காலத்துக்கு வந்தும் இருக்கிறது. ஆனால் அதற்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை. கடன் வட்டிக்கு உத்தரவாதம் உண்டு, நம் கையெழுத்தோடு! நிஜமாகவே மாசாமாசம் போடுபவரோடு எனக்குச் சண்டை இல்லை. எஸ்ஐபி என்று பேசிவிட்டு அந்தப் பணத்தில் புது போன் வாங்குகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். கடன் முடிந்தால் பத்திரங்களை 30 நாளுக்குள் திருப்பித் தரவேண்டும், தாமதம் வங்கியால் ஆனால் நாளுக்கு 5,000 ரூபாய் தரவேண்டும் என்பது 2023 டிசம்பர் 1 முதல் விதி. எங்களுக்கும் பத்திரம் வந்தது. சாப்பாட்டு மேஜையில் பரப்பிவைத்துப் பார்த்தோம். லோன் பேப்பர் ஒவ்வொரு பக்கத்திலும் ரெண்டு கையெழுத்து, என்னுடையதும் அவளுடையதும். வீட்டு அக்ரிமெண்டில் ஒரே பெயர். என்னுடையது.

வாங்கும்போது யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. கூட்டுக் கடனாளியாக அவள் கையெழுத்து வேண்டும் என்று வங்கியில் கேட்டார்கள், போட்டாள். வீட்டில் அவள் பெயர் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, போடவில்லை. கடனுக்குப் பொறுப்பு, வளையலும் போச்சு, வீடு மட்டும் இல்லை. நம் வீடுகளில் இது சாதாரணம் என்பதுதான் கஷ்டம். மகாராஷ்டிராவில் குடியிருக்கும் வீட்டை மனைவிக்கோ பிள்ளைக்கோ தானமாக எழுதினால் முத்திரைத் தீர்வை 200 ரூபாய்தான். மற்ற கட்டணங்கள் தனி. வாஷியில் சிட்கோ குத்தகை நிலமாக இருந்தால் சிட்கோவிலும் சொசைட்டியிலும் வேலை இருக்கிறது. அலைச்சல்தான். அலைந்துகொண்டிருக்கிறேன். புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு இந்த அலைச்சலே வேண்டாம், முதல் நாளே ரெண்டு பெயரும் போடுங்கள்.

வளையலை அந்தக் கல்யாணம் முடிந்த வாரமே மீட்டுவிட்டேன். அந்த ரசீது நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. ஒட்டியது நான்தான். தங்கமணி, "இதை எதுக்கு வச்சிருக்கீங்க, கிழிச்சுப் போடுங்க" என்கிறாள்.

இப்போதெல்லாம் வண்டியில் யாராவது "இந்த மாசம் ஒரு லட்சம் கட்டிடலாம்னு இருக்கேன் சார்" என்றால், வட்டி எத்தனை, எத்தனை வருஷம் பாக்கி என்று நான் கேட்பதில்லை. "வீட்ல கேட்டீங்களா?" என்றுதான் கேட்கிறேன்.

டிஸ்கி: நான் நிதி ஆலோசகன் இல்லை, சாதாரண மாசச் சம்பளக்காரன். வட்டியும் வரி விதிகளும் மாறிக்கொண்டே இருக்கும். கட்டுவதற்கு முன் உங்கள் வங்கியிலும் ஆடிட்டரிடமும் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் ரெண்டு தடவை.