வெட்டப்பட்ட கடைசிக் காட்சி

பெங்களூர் பிரேசர் டவுனில் கலவரம் என்று செல்போனில் ஒரு வீடியோ வந்தால் முதலில் பார்க்க வேண்டியது சண்டையை அல்ல, பின்னணியை. கடைப் பலகைகளில் கன்னடம் இருக்கிறதா? வண்டி நம்பர்கள் கேஏ என்று தொடங்குகின்றனவா? ஒரு காட்சியை நிறுத்திப் படமாக்கி கூகுள் லென்ஸில் தேடினால், பழைய சரக்கு பெரும்பாலும் அகப்பட்டுவிடும். ஊர்ப் பெயரைத் தேடும்போது புலிகேசி நகர் என்றும் போட்டுப் பார்க்க வேண்டும். அரசாங்கத்துக்கு அதுதான் பெயர், ஜனங்களுக்குத்தான் இன்னும் பிரேசர் டவுன். காசு செலவில்லாத வேலை, பொறுமைதான் வேண்டும்.

இதே நகரின் சாமராஜ்பேட்டையில் 2018 மே மாதம் அந்தப் பொறுமை யாருக்கும் இருக்கவில்லை. ராஜஸ்தானிலிருந்து பிழைக்க வந்த இளைஞர் ஒருவரைப் பிள்ளை பிடிப்பவர் என்று சந்தேகித்து அடித்தே கொன்றது ஒரு கும்பல். அந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் சுற்றிய வீடியோவில், பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். அதன் மூலத்தைத் தேடியவர்கள் போய்ச் சேர்ந்த இடம் கராச்சி. ரோஷ்ணி ஹெல்ப்லைன் என்ற அமைப்பின் விழிப்புணர்வுப் படம் அது. முடிவில் அதே இருவர் சிறுவனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, குழந்தையைக் கடத்த ஒரு கணம் போதும் என்ற எச்சரிக்கையைக் காட்டுகிறார்கள். இந்தியாவில் பரவிய பிரதியில் அந்தக் கடைசி நொடிகளை யாரோ வெட்டியிருந்தார்கள்.