துணையிருப்போரும் நடக்கட்டும்

அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நோயாளியிடம் "நாள்தோறும் சிறிது தூரம் நடந்து வாருங்கள்" என்று சொல்லாத மருத்துவர் அரியர். அவருடன் இரவும் பகலும் விழித்திருந்த மனைவியிடமோ மகனிடமோ அதே சொல்லைச் சொல்பவர் அவரினும் அரியர். இது திருத்தப்பட வேண்டிய குறை என்பது என் துணிபு.

பக்கவாதத்தால் படுக்கையில் வீழ்ந்த ஒருவரைப் பேணும் வீட்டை எண்ணிப் பாருங்கள். வேளை தவறாத மருந்து, தனிப் பத்தியச் சமையல், படுக்கைப்புண் வாராமல் இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தல், நலம் விசாரிக்க வருவோர்க்குத் தேநீர், அவர்களுக்கு முதலிலிருந்து மீண்டும் அதே நோய்க்கதை. இவ்வளவுக்கும் இடையே அப்பெண் மாலையில் அரைமணி நேரம் வெளியே நடந்துவிட்டால், "படுத்திருப்பவரை விட்டுவிட்டு உலாவப் போகிறாள்" என்று ஒரு சொல் எழுகிறது. அச்சொல்லுக்கு அஞ்சியே பலர் மாதக்கணக்கில் வாசற்படி தாண்டுவதில்லை. அப்படிப் பேசும் உறவினர், அவள் திரும்பும்வரை கட்டிலருகே அமர்ந்திருக்க முன்வந்தால் அதுவே பேருதவி.

நடப்பதற்கு இடம் தேடி நாம் எங்கும் செல்ல வேண்டியதில்லை. நடை என்றவுடன் நம் மாவட்டத்தார்க்குத் திருவண்ணாமலைக் கிரிவலம் நினைவுக்கு வரும். ஆனால் 14 கிலோமீட்டர் சுற்றிவர, நோயாளியை வீட்டில் வைத்திருப்பவர்க்கு நேரம் ஏது? செங்கத்தில் தெருமுனையைக் கடந்து சற்றே நடந்தால் வயல் வந்துவிடுகிறது. ஏரிக்கரையும் புளியமரச் சாலையும், ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் செய்யாறும், வடக்கே சவ்வாது மலையும் நமக்கு உண்டு.

இந்நிலத்தில் நடப்பதற்கென்றே வழி சொன்ன பழைய நூலொன்றும் உண்டு. பத்துப்பாட்டுள் ஒன்றான மலைபடுகடாம், நன்னனின் ஊராகச் சொல்லும் செங்கண்மா இன்றைய செங்கமே என்பது அறிஞர் கொள்கை. பெருங்கௌசிகனார் பாடிய அதன் 583 அடிகளில், இசைக்கருவிகளைச் சுமந்து வரும் கூத்தர்க்கு எங்கே பாம்பு இருக்கும், எங்கே கால் வழுக்கும், எங்கே தங்கி இளைப்பாறலாம் என்றெல்லாம் கூறப்படுகிறது. சேயாறும் அதில் ஓடுகிறது. சுமையோடு வருபவர் இளைப்பாற வேண்டும் என்பதை அப்புலவர்க்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பசுமையைக் காண்பதன் பயனை மருத்துவ உலகமும் ஆராய்ந்திருக்கிறது. ரோஜர் உல்ரிச் என்னும் அமெரிக்க ஆய்வாளர், பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்ற நோயாளிகளின் பதிவேடுகளை ஒப்பிட்டு 1984-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற்சுவரைக் கண்டவர்களைவிட விரைவில் வீடு திரும்பினர். வலுவான வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. அது நடையைப் பற்றிய ஆய்வன்று. அதில் இருந்தவர் 46 பேரே. ஆகவே வயல்வெளி நோயைத் தீர்க்கும் என்று சொல்ல நான் துணியேன். நடக்க இயலாதவரின் கட்டிலைச் சன்னலோரமாகவோ திண்ணைக்கோ மாற்றிப் போடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்வேன். அதற்குச் செலவில்லை.

துணையிருப்பவர்க்குக் கிடைக்கும் ஆறுதல் வேறு வகையினது. நாள் முழுதும் அவர் காண்பவை எல்லாம் அவரிடம் ஏதேனும் ஒன்றை வேண்டி நிற்பவை. மாத்திரை அட்டை, நனைந்த விரிப்பு, அழைக்கும் குரல் ஆகிய மூன்றும் அவர் கையை எதிர்பார்ப்பவை. கிணற்றோரப் பனையில் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடு அவரிடம் எதையும் கேட்பதில்லை. அந்தி வெயிலில் நிறம் மாறும் மலையும் அத்தகையதே. கைப்பேசியை எடுத்துச் செல்லுங்கள். ஆனால் வீட்டிலிருந்து வரும் அழைப்புக்கு மட்டும் அது பயன்படட்டும். உடன் நடப்பவரிடம், "திரும்பும்வரை நோயைப் பற்றிப் பேச வேண்டாம்" என்று முன்னரே சொல்லிவிடுவதும் நல்லது.

வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதை எட்ட முடியவில்லையே என்று வருந்த வேண்டா. 15 நிமிடமும் நடையே. சித்திரை, வைகாசி வெயிலில் காலை 7 மணிக்கு முன் திரும்பிவிடுங்கள். நீரிழிவு உள்ளவர் வெறுங்காலுடன் வரப்பில் இறங்கலாகாது. இன்சுலின் போடுபவர் மடியில் சிறிது சர்க்கரை வைத்திருக்க வேண்டும். இருட்டினால் கைவிளக்கு தேவை. மலையில் மழை பெய்தாலோ, குப்பநத்தம் அணை திறக்கப்பட்டாலோ ஆற்று மணலில் இறங்க வேண்டா. நெஞ்சு வலித்தாலோ மூச்சு முட்டினாலோ நடையை நிறுத்தி உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

வீடு திரும்பியதும் கண்டவற்றை நோயாளியிடம் சொல்லுங்கள். அவர் உழவராக இருந்தவர் எனில் தாமே கேட்பார்: ஏரியில் நீர் எம்மட்டில் நிற்கிறது, மல்லாட்டை பூத்துவிட்டதா, மேற்கே மேகம் கட்டியிருக்கிறதா என்று.